கர்சர் நிற்கும் வரி எது?
எடிட்டர்களை எழுதும் நிரலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்



உங்கள் செட்டிங்ஸ் பக்கத்தில் பெரும்பாலும் ஒரே ஒரு டிக் பெட்டிக்குள் அடங்கிவிடும் வசதியைப் பற்றியது இந்த மடல்: கர்சர் நிற்கும் வரியை லேசான நிறமிட்டுக் காட்டுவது. நிரல் எழுதுகிறவர்களுக்கு இதில் பேச என்ன இருக்கிறது என்று தோன்றலாம். நிரலின் வரிகள் குட்டையானவை. நிறப்பட்டை ஒரு வரி உயரத்துக்கு விழுகிறது, கண் அதைப் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். நீளமான வரிகளை விண்டோவின் அகலத்துக்கு மடித்துக் காட்டும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. பத்தி முடியும்வரை என்டர் தட்டாமல் எழுதுகிறவருக்கு அந்தப் பத்தி முழுவதுமே கோப்பில் ஒரே வரி. உங்களில் பலருடைய எடிட்டர்கள் அந்த ஒரே வரி முழுவதற்கும், அதாவது திரையில் தெரியும் பத்துப் பதினைந்து வரிகளுக்கும், நிறம் பூசிவிடுகின்றன. இப்படிச் செய்வது தவறு என்பது என் வாதம். எதை நிறமிடுவது என்று தீர்மானிக்க, எல்லா எடிட்டர்களுக்கும் பொருந்தும் எளிய விதி ஒன்று உண்டு: மேல், கீழ் அம்பு விசைகள் எதை ஒரு வரி என்று கணக்கிட்டு நகர்கின்றனவோ, அதையே நிறப்பட்டையும் ஒரு வரி என்று கொள்ள வேண்டும்.

குழப்பம் வராமலிருக்க இரண்டையும் பெயரிட்டுப் பிரித்துக்கொள்வோம். ஒரு வரிமுறிவுக்கும் அடுத்த வரிமுறிவுக்கும் இடையில் இருப்பது கோப்பு வரி. பாசிக்ஸ் தரநிலை வரி என்று வரையறுப்பது இதைத்தான். கிரெப் தேடுவதும், டிஃப் ஒப்பிடுவதும், கம்பைலர் பிழை சொல்லும்போது எண் குறிப்பிடுவதும் இதைத்தான். திரையில் ஒரு கிடைவரிசையில் கண்ணுக்குத் தெரிவது திரை வரி. விண்டோவைக் குறுக்கினால் அது மாறும், எழுத்தைப் பெரிதாக்கினால் மாறும், கோப்பில் அதற்கு எந்தத் தடமும் இருக்காது. மடிப்பு இல்லாதபோது இரண்டும் ஒன்றே என்பதால், எந்த வரியை நிறமிடுவது என்ற கேள்வியே எழுவதில்லை. மடிப்பு வந்ததும் கேள்வி எழுகிறது. ஆனால், பல எடிட்டர்களில் அதற்கு யாரும் யோசித்துப் பதில் சொன்னதாகத் தெரியவில்லை. மடிப்பு வருவதற்கு முன் எழுதிய நிரல், மடிப்பு வந்த பிறகும் அப்படியே தொடர்கிறது.

நடப்பு வரி என்ற கருத்து நம் திரைகளைவிட மூத்தது. யூனிக்ஸின் தொடக்க நாட்களில் கென் தாம்சன் எழுதிய ‘எட்’ எடிட்டரில் அது மையமாக இருந்தது. டெலிடைப் பொறியில், தாளில் அச்சாகும் எழுத்தை வைத்து வேலை செய்த காலம் அது. ஒரு புள்ளியைத் தட்டினால் அது நடப்பு வரியைக் குறிக்கும். இடம் சொல்லாமல் அழிக்கச் சொன்னால் அந்த வரிதான் அழியும். அச்சிடச் சொன்னால் அந்த வரிதான் அச்சாகும். அடுத்த கட்டளை எதன்மீது பாயும் என்பதற்கான விடையாகத்தான் நடப்பு வரி பிறந்தது என்பது இதிலிருந்து தெளிவு. திரை வந்த பிறகு அதற்கு இரண்டாவது வேலையும் சேர்ந்தது: கர்சர் எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குக் காட்டுவது. நிறப்பட்டை இந்த இரண்டு வேலைகளுக்கும் பொறுப்பு. இரண்டில் எதையும் செய்யாத பட்டை வெறும் அலங்காரம்.

இந்த அளவுகோலை வைத்து விம்மையும் ஈமாக்ஸையும் பார்ப்போம். விம்மில் நடப்பு வரியை நிறமிடும் வசதி 2006இல் வந்த 7ஆம் பதிப்பில் சேர்ந்தது. வரி மடிந்திருந்தால் அது கோப்பு வரி முழுவதையும் நிறமிடும். ஆனால் விம்மில் ‘ஜே’, ‘கே’ விசைகளும் அம்பு விசைகளும் கோப்பு வரி கணக்கில்தான் நகர்கின்றன: கீழே ஒருமுறை அழுத்தினால் பத்தி முழுவதையும் தாண்டி அடுத்த பத்திக்குப் போய்விடும். திரை வரியாக இறங்க வேண்டுமானால் ‘ஜி’யைச் சேர்த்து அழுத்த வேண்டும். பழகாதவருக்கு இது எரிச்சலூட்டலாம். ஆனாலும் கண்ணும் கையும் இங்கே ஒத்துப்போகின்றன. நிறமிட்ட பகுதியும் விசை தாண்டும் பகுதியும் ஒன்றே. பிறகு 2019இல் விம் ‘கர்சர்லைன்ஆப்ட்’ என்ற செட்டிங்கைச் சேர்த்தது. அதில் ‘ஸ்கிரீன்லைன்’ என்று கொடுத்தால் கர்சர் இருக்கும் திரை வரி மட்டும் நிறம் பெறும். திரை வரியாக இறங்கும்படி விசைகளை மாற்றி வைத்துக்கொண்டவருக்கு, அதற்கு ஈடான பட்டையும் கிடைத்துவிட்டது.

ஈமாக்ஸில் கதை வேறு. 2009இல் வந்த 23ஆம் பதிப்பு ‘விஷுவல் லைன் மோட்’ என்ற மடிப்பு முறையைக் கொண்டுவந்தது. அதே பதிப்பிலிருந்து, மேல் கீழ் நகர்வுகள் யாரும் கேட்காமலே திரை வரி கணக்குக்கு மாறின. ஆனால் அதற்கு முன்பிருந்தே உள்ள ‘ஹெச்எல்-லைன்’ நிறப்பட்டை மட்டும் கோப்பு வரி கணக்கிலேயே நின்றுவிட்டது. கீழ் அம்பை அழுத்தினால் கர்சர் ஒரு திரை வரி இறங்குகிறது. பட்டை அசைவதே இல்லை. மறுபடி அழுத்தினால் மறுபடி அதே நிலை. விஷுவல் லைன் மோடில் கன்ட்ரோல்-கே, கர்சரிலிருந்து திரை வரியின் முடிவுவரை மட்டுமே வெட்டுகிறது. பட்டையோ பத்தி முழுவதும் பரந்து கிடக்கிறது. ஆக, கர்சரின் இடத்தையும் அது காட்டவில்லை, அடுத்த கட்டளையின் எல்லையையும் காட்டவில்லை. பட்டையின் எல்லையை மாற்றிக்கொள்ள ஒரு மாறி இருக்கிறது. நான்கைந்து வரி லிஸ்ப் எழுதினால் திரை வரிக்குச் சுருக்கிவிடலாம். ஆனால் கட்டுரை எழுத வந்தவர் அந்த நான்கைந்து வரியை எழுதித்தான் தீர வேண்டும் என்பது நியாயமல்ல.

இந்த முரண்பாடு ஈமாக்ஸோடு முடியவில்லை. நோட்பேட்++, ஜீனி போன்றவற்றின் அடியில் இருக்கும் சின்டில்லா நிரலகத்திலும், மடித்த உரையில் அம்பு விசை திரை வரியாக நகர, பட்டை கோப்பு வரி முழுவதையும் மூடுவதே இயல்பான நடத்தை. திரை வரியை மட்டும் நிறமிடும் தேர்வு பின்னாளில் சேர்ந்தது. கேட்டால்தான் அது இயங்கும். உலாவிக்குள் இயங்கும் கோட்மிர்ரர் 6 ஒவ்வொரு கோப்பு வரியையும் ஒரு தனி உறுப்பாக வைத்து, கர்சர் இருக்கும் உறுப்புக்கு ஒரு வகுப்புப் பெயரைச் சேர்க்கிறது. அதனால் மடிந்த வரி முழுவதும் நிறம் பெறுகிறது. அதன் கீழ் அம்பும் திரை வரியாகவே இறங்குகிறது. நிரல் கோணத்தில் இது சுலபமான வழி என்பது புரிகிறது. ஆனால் பயனருக்கு எது தேவை என்ற கேள்விக்கு, நிரலின் உள்ளமைப்புக்கு எது சுலபம் என்ற பதிலைக் கொடுத்திருக்கிறோம்.

பயனருக்கு என்ன தேவை என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். 120 சொற்கள் கொண்ட ஒரு பத்தி. வரிக்கு எட்டுச் சொற்கள் பிடிக்கும், 30 வரிகள் தெரியும் விண்டோ. பத்தி 15 திரை வரிகளாக மடிகிறது. பாதித் திரை நிறமாகிறது. மொழிபெயர்ப்பவர் மூலத்தையோ அகராதியையோ பார்த்துவிட்டுத் திரும்பும்போது, ஒன்றிரண்டு பிக்சல் அகலமுள்ள கர்சரை அந்த 15 வரிகளுக்குள் தேட வேண்டும். இப்போது அவர் எழுத்தை இரண்டு மடங்கு பெரிதாக்குகிறார் என்று கொள்ளுங்கள். வரிக்கு நான்கு சொற்கள்தான் பிடிக்கும், பத்தி 30 வரிகளாகும். விண்டோவிலோ 15 வரிகள்தான் தெரியும். பத்தியின் நடுவில் இருந்தால் திரை முழுவதும் நிறமாகிவிடுகிறது, பட்டை இருப்பதே தெரியாமல் போகிறது. பார்வை குறைந்தவர்களுக்காகத்தான் பெரிதாக்கும் வசதி இருக்கிறது. பட்டை மிகவும் தேவைப்படுவதும் அவர்களுக்குத்தான். அது முதலில் கைவிடுவதும் அவர்களைத்தான். 2018இல் வெளியான டபிள்யூசிஏஜி 2.1 அணுகல்தன்மை வழிகாட்டுதல், 1280 பிக்சல் அகலப் பக்கத்தை 400 சதவீதம் பெரிதாக்கினாலும் பக்கவாட்டில் நகர்த்தத் தேவையின்றிப் படிக்க முடிய வேண்டும் என்கிறது. அது வலைப்பக்கங்களுக்கு எழுதப்பட்டது என்று சொல்வீர்கள். இன்று எத்தனையோ எடிட்டர்கள் உலாவிக்குள்ளேயோ உலாவித் தொழில்நுட்பத்தின் மேலேயோதான் ஓடுகின்றன. உரையை மடிக்கச் சொல்லும் விதியை ஏற்றுக்கொண்டு, மடித்த உரையில் கர்சரைத் தொலைய விடுவது பாதி வேலை.

படிக்கும் கண்ணும் திரை வரியைத்தான் பின்பற்றுகிறது. ஒரு வரியின் முடிவிலிருந்து அடுத்த வரியின் தொடக்கத்துக்குக் கண் தாவும்போது பலமுறை சற்று முன்பே இறங்கி, சின்னத் திருத்தம் செய்துகொள்கிறது. வரி நீண்டால் அடுத்த வரியின் தலையைக் கண்டுபிடிப்பது கடினமாகிறது என்பது மைல்ஸ் டிங்கர் போன்றவர்கள் அச்செழுத்தின் படிப்புத்திறனை ஆராய்ந்த காலத்திலிருந்தே பேசப்படும் செய்தி. சிறுபிள்ளை விரல் வைத்துப் படிப்பதும் இதற்காகத்தான்; விரல் ஒரு வரியின் கீழ் நகரும்வரைதான் உதவி, உள்ளங்கையைப் பத்தியின்மீது விரித்து வைத்தால் அதில் பயனில்லை.

தமிழில் எழுதுகிறவருக்கு இந்தத் தொல்லை இரட்டிப்பு. கோடு வடிவக் கர்சர் துணைக்காலின் செங்குத்துக் கோட்டோடும் ரகரத்தின் காலோடும் கலந்துவிடுகிறது. சிமிட்டலை அணைத்து வைத்திருப்பவருக்குக் கண்டுபிடிப்பது இன்னும் சிரமம். ‘போய்க்கொண்டிருந்தவர்களுக்கு’ போல வேற்றுமையும் காலமும் இடமும் ஒட்டிக்கொண்டு நீளும் சொற்கள் வரிக்குக் குறைவாகவே பிடிக்கும். இடம் போதாத சொல் முழுதாக அடுத்த வரிக்கு இறங்கிவிடும். அதே அகல விண்டோவில் அதே பொருளை ஆங்கிலத்தில் எழுதினால் எத்தனை திரை வரிகள் வருமோ, பெரும்பாலும் அதைவிட அதிகமாகவே தமிழில் வரும். தமிழ் விக்கிப்பீடியாவின் மூல உரையில் பத்திக்கு ஒரு வரி. மார்க்டவுனில் எழுதும் பலருக்கும் அப்படித்தான். உரைநடை எழுதுகிறவர் நிரல் எடிட்டருக்கு ஏன் வருகிறார் என்று கேட்க வேண்டாம். வந்துவிட்டார், அவருக்காகத்தானே வரி மடிப்பையே கொடுத்தீர்கள்.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். முதல் மறுப்பு: கோப்பு வரிதான் உண்மை, திரை வரி ஒரு தோற்றம், விண்டோவை இழுத்தால் மாறிவிடும் ஒன்றை ஏன் நிறமிட வேண்டும்? கர்சர் எந்தப் பிக்சலில் நிற்கிறது என்பதும் தோற்றம்தான். அதுவும் விண்டோவை இழுத்தால் மாறுகிறது, அதற்காகக் கர்சரை வரையாமல் விடுவதில்லை. கோப்பு வரியின் எண்ணைச் சொல்ல ஓரத்தில் எண் பட்டை இருக்கிறது. விம்மில் ‘ஸ்கிரீன்லைன்’, ‘நம்பர்’ இரண்டையும் சேர்த்துக் கொடுக்கலாம். விஎஸ் கோட்டிலும் ஓரத்தைத் தனியாக நிறமிடும் தேர்வு உண்டு. எண்ணுக்கு ஓரம், இடத்துக்குப் பட்டை என்று வேலையைப் பிரித்தால் எந்த உண்மையும் தொலையாது.

இரண்டாவது மறுப்பு கனமானது. விஎஸ் கோட்டில் எதையும் தேர்ந்தெடுக்காமல் கன்ட்ரோல்-எக்ஸ் அழுத்தினால் கோப்பு வரி முழுவதும் வெட்டுப்படும்; விம்மில் ‘டிடி’யும் அப்படியே. ஒரு திரை வரிக்கு மட்டும் நிறமிட்டுவிட்டு, ஒரே அழுத்தில் 15 வரிகளை எடுத்துக்கொண்டு போனால் பயனர் ஏமாற மாட்டாரா? ஏமாறுவார். அடுத்த கட்டளையின் எல்லையைக் காட்டுவதும் பட்டையின் வேலை என்று நானே மேலே சொன்னேன். எனவே இதைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் இதற்கான தீர்வு பத்தி முழுவதையும் ஒரே அடர்த்தியில் நிறமிடுவது ஆகாது. கர்சர் உள்ள திரை வரிக்குச் சற்று அடர்ந்த நிறம், அதே கோப்பு வரியின் மற்ற பகுதிக்கு மிக மெல்லிய நிறம் அல்லது இடது ஓரத்தில் ஒரு மெல்லிய செங்குத்துக் கோடு என்று இரண்டு அடுக்காகக் காட்டலாம். அப்போது கை எங்கே இருக்கிறது என்பதும் தெரியும், கத்தி எதுவரை பாயும் என்பதும் தெரியும். ஓரக் கோடு இன்னொரு வகையிலும் எண்ணைவிட மேலானது: எண் பத்தியின் முதல் திரை வரிக்கு எதிரே மட்டும்தான் இருக்கும், அந்த வரி மேலே உருண்டு மறைந்தால் எண்ணும் மறையும், கோடு பத்தி நெடுகத் தெரியும்.

மூன்றாவது மறுப்பு: பத்தி முழுவதும் நிறமாக இருப்பது சிலருக்குப் பிடிக்கிறது, கவனம் சிதறாமல் இருக்க உதவுகிறது. இருக்கலாம். ஆனால் அது வேறொரு வசதி. ஐஏ ரைட்டர் அதை ‘ஃபோகஸ் மோட்’ என்று தனிப் பெயரிட்டு, வாக்கியமா பத்தியா என்று கேட்டு, மற்றதை மங்கலாக்கிக் கொடுக்கிறது. அதை விரும்புகிறவருக்கு அதையே கொடுங்கள். கர்சரைக் காட்டும் வசதி, வரி மடிந்த ஒரே காரணத்தால் தற்செயலாகக் கவனக்குவிப்பு வசதியாக மாறிப்போவதை வடிவமைப்பு என்று சொல்ல முடியாது.

நான்காவது மறுப்பு பழைய யூனிக்ஸ்காரர்களிடமிருந்து வரும்: ஏன் பத்தியை ஒரே வரியாக எழுதுகிறீர்கள், வாக்கியத்துக்கு ஒரு வரி எழுதுங்கள். பிரையன் கெர்னிகன் 1974இலேயே, யூனிக்ஸுக்குப் புதியவர்களுக்கான தம் கையேட்டில், ஒவ்வொரு வாக்கியத்தையும் புது வரியில் தொடங்கச் சொன்னார். கோப்பை ஒப்பிடுவதற்கும் திருத்துவதற்கும் அது நல்ல பழக்கம்தான். ஆனால் வாக்கியமும் மடியும்; தமிழில் வினையெச்சங்களை அடுக்கிச் செல்லும் ஒரு வாக்கியம் நான்கைந்து திரை வரி ஓடுவது சாதாரணம். 72 எழுத்தில் என்டர் தட்டிக் கையால் மடிக்கலாம் என்றால், நடுவில் ஒரு சொல்லைச் சேர்த்ததும் பத்தி முழுவதையும் மறுபடி மடிக்க வேண்டும், டிஃப்பில் அந்த வரிகளெல்லாம் மாறியதாகக் காட்டும். அந்தத் தொல்லையிலிருந்து விடுபடத்தானே திரை மடிப்பு வந்தது.

கடைசியாகச் செலவும் சிக்கலும். நடப்பு வரியை நிறமிட்டால் திரையை மறுபடி வரைவது மெதுவாகும் என்று விம்மின் உதவிப் பக்கமே எச்சரிக்கிறது. உண்மைதான். ஆனால் கர்சரை வரைய அது எந்தத் திரை வரியில் விழுகிறது என்பதை எடிட்டர் எப்படியும் கணக்கிட்டாக வேண்டும். அந்த விடை கையிலிருக்க, 15 வரியைவிட ஒரு வரிக்கு நிறமிடுவது எளிது. கோட்மிர்ரரிலும் தேர்வுப் பகுதியையும் கர்சரையும் உரைக்கு வெளியே தனி அடுக்கில் வரையும் வசதி ஏற்கெனவே இருக்கிறது. நுணுக்கமான ஓர் இடம் மட்டும் உண்டு, அதை மறைக்கவில்லை. திரை வரி மடியும் இடத்தில், மேல்வரியின் கடைசியும் கீழ்வரியின் தொடக்கமும் கோப்பில் ஒரே நிலை. ‘வந்த’ என்ற சொல்லோடும் ஓர் இடைவெளியோடும் மேல்வரி முடிந்து, ‘பிறகு’ கீழ்வரியில் தொடங்கினால், அந்த இடைவெளிக்கு அடுத்த நிலை இரண்டு வரிக்கும் பொது. பயனர் எண்ட் விசையை அழுத்தி மேல்வரியின் கடைசியில் நிற்கும்போது, நிலையை மட்டும் வைத்துக் கணக்கிடும் நிரல் கீழ்வரியை நிறமிட்டுவிடும். கர்சர் ஒரு வரியில், பட்டை வேறு வரியில். மேக் கணினியின் உரைப் பகுதி இதற்காகவே ஒவ்வொரு தேர்வோடும் அது மேல்வரியைச் சேர்ந்ததா கீழ்வரியைச் சேர்ந்ததா என்ற சார்பையும் வைத்துக்கொள்கிறது. கோப்பு நிலையைக் கொண்டு பட்டையைக் கணக்கிடாமல், கர்சர் வரையப்பட்ட இடத்தைக் கொண்டு கணக்கிட்டால் இந்தப் பிழை எழாது.

ஆக, உங்களிடம் கேட்பது நான்கு. மடிப்பு இயங்கும்போது அம்பு விசை திரை வரியாக நகருமானால், பட்டையும் கேட்காமலே திரை வரியாக இருக்கட்டும். விம் போலக் கோப்பு வரியாக நகரும் எடிட்டரில் அது கோப்பு வரியாகவே இருக்கலாம், ஆனால் விசையை மாற்றும் செட்டிங்கோடு பட்டையும் சேர்ந்தே மாறட்டும். கோப்பு வரியின் எல்லையை ஓரக் கோடாகவோ மெல்லிய இரண்டாம் நிறமாகவோ தனியாகக் காட்டுங்கள். பட்டையின்மேல் எழுத்து படிக்கும்படி இருக்க வேண்டும்: உரைக்கும் பின்னணிக்கும் இடையே டபிள்யூசிஏஜி கேட்கும் 4.5க்கு 1 என்ற வேறுபாட்டைப் பட்டை விழுந்த இடத்திலும் அளந்து பாருங்கள். புதிய வெளியீட்டுக்கு முன், 200 சதவீதம் பெரிதாக்கிய எழுத்தில், மடித்த நீண்ட தமிழ்ப் பத்தி ஒன்றை வைத்து ஒருமுறை சோதியுங்கள். இவற்றில் புதிதாகக் கண்டுபிடிக்க எதுவும் இல்லை. விம்மிலும் சின்டில்லாவிலும் பாதிக்குமேல் எழுதி வைத்தாயிற்று. அதைத் தேர்வுப் பட்டியலின் ஆழத்திலிருந்து இயல்பு அமைப்புக்குக் கொண்டுவருவதே மிச்சம். எந்த செட்டிங்கையும் தேடித் திறக்காமல் எழுத உட்காருகிறவருக்கு இயல்பு அமைப்புதான் எடிட்டர். அவரை நினைத்து அதைத் தீர்மானியுங்கள்.

இப்படிக்கு,
மடித்த வரிகளில் தமிழ் எழுதும் ஒருவர்